நாதச்சித்தரின் கை வைத்தியம்

தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைக்காட்டின் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அங்கே வளைவுக்கு வளைவு ஜீப்புகள் நிற்கும். உள்ளே நாதச்சித்தர் இருப்பார். காது கேளாத குழந்தைகளின் காதைத் திறந்து வைப்பது அவர் தொழில். திறப்பு விழாவுக்கு மந்திரி வேண்டியதில்லை. ஒரு சங்கும் காணிக்கைத் தட்டும் போதும்.

டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் பாண்டித்துரையும் மனைவி கற்பகமும் நாலு வயது மகள் அனுப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சித்தர் குழந்தையின் காதில் சங்கு ஊதினார். பிறகு தட்டிலிருந்த பூக்களை நோக்கிக் கையை நீட்டி, கற்பகத்தின் பக்கம் கண்ணைக் காட்டி, "பூவை எடுத்து அம்மாகிட்ட கொடு தாயே" என்றார். குழந்தை எடுத்தது, கொடுத்தது. கொட்டகை அதிர்ந்தது. கற்பகம் அழுதேவிட்டாள்.

"இனிமே மெஷினு எதுக்கு? காதுக்குள்ள அம்மன் வந்து உக்காந்தாச்சு. வாசலை பிளாஸ்டிக்கால அடைக்கலாமா?" என்று சொல்லி, குழந்தையின் காது மெஷினைக் கழற்றித் தம் பெட்டியில் போட்டுக்கொண்டார் சித்தர். அம்மனுக்கு இடநெருக்கடி போலும்.

அந்த மெஷினை மாட்டிக்கொண்டுதான் பேச்சுப் பயிற்சி டீச்சர் ஜின்சியிடம் 'பால்', 'பழம்', 'மழை' என்று ஒவ்வொரு வார்த்தையாக அனுப்பிரியா பிடித்துக்கொண்டிருந்தாள். அது போனபின் வார்த்தைகளும் போகத் தொடங்கின. ஒருநாள் கற்பகம் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. முன்னால் வந்து கையசைத்ததும் ஓடிவந்தது.

"ஏங்க, பிள்ளைக்குக் காது கேக்கல."

"சித்தர் சொன்னதும் பூவை எடுத்துச்சே. நீயுந்தான பாத்த?"

"அவரு கை சொல்லிச்சு, எடுத்துச்சு. ஜின்சி டீச்சர் கேக்கும்போது கையை மடியிலயே வெச்சுக்குவாங்க. கண்ணைக்கூட அசைக்க மாட்டாங்க. அப்பத்தான் பிள்ளைக்குப் புரிஞ்சது வார்த்தையா சாடையான்னு தெரியுமாம்."

"சாமி விஷயத்துல டீச்சரை இழுக்காத."

நம்பிக்கையை விட்டால் மகளுக்கு மறுபடி காது கேட்காமல் போய்விடும் என்று பாண்டித்துரைக்குப் பயம். அந்தப் பயத்தின் மேல்தான் சித்தர் கொட்டகை போட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு குடும்பம் மறுபடி போனது. "சாமி, எல்லாரும் பாக்க நான் ஒருக்கா பிள்ளைகிட்ட பேசட்டுமா?" என்றாள் கற்பகம். நன்றி சொல்ல வந்தவர்கள் என்றால் சித்தருக்கு உயிர். மைக்கையே கொடுத்தார்.

கற்பகம் பூவை நோக்கிக் கையை நீட்டினாள். கண்ணால் தன்னைக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பாக, "நாளைக்கு பஸ் ஓடாது" என்றாள்.

அனுப்பிரியா பூவை எடுத்துக் கொடுத்தாள். தட்டப்போன கைகள் பாதியில் நின்றன.

அதே கை, அதே சிரிப்பு. "இந்தச் சாமி ஒரு புளுகரு." இன்னொரு பூ வந்தது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "பெத்தவ சந்தேகப்பட்டா அருள் ஓடிப்போயிரும்" என்றார் சித்தர்.

"அப்ப நீங்களே கேளுங்க சாமி. கையைக் கட்டிக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டு."

"கேளுங்க சாமி" என்றது கூட்டமும். வேறு வழியில்லாமல் கையைக் கட்டினார்.

"பூவை எடு தாயே."

குழந்தை அவர் தாடியைப் பார்த்தது. இன்னும் உரக்கச் சொன்னார். மைக் வீறிட்டது. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குழந்தை கொட்டாவி விட்டது.

பாண்டித்துரை எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஊர்ப்பட்ட பிள்ளைகளின் மெஷின்கள். மகளுடையதைத் தேடி எடுத்தான். கற்பகம் முந்தானை முடிச்சிலிருந்து புது பேட்டரி கொடுத்தாள். மாட்டிவிட்டு, குழந்தைக்குப் பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அனு, பழம் எடு."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. பூவைத் தாண்டிக் கையை நீட்டி, தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. உரித்துத் தின்றது. புரிதலில் ஒரு குறையும் இல்லை.

பாண்டித்துரை அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். மற்ற பெற்றோர் பெட்டியை மொய்த்தார்கள். சித்தர் கொட்டகையின் பின்பக்கத்தைத் திறந்துகொண்டு போனார். அவர் உண்மையிலேயே திறந்தது அது ஒன்றைத்தான்.

இப்போது கஞ்சிக்கோட்டுப் பக்கம் கொட்டகை போடுகிறாராம். அங்கே கண் திறப்பாம். போகிறவர்கள் போங்கள். கும்பிடுவதற்கு முன்னால் அந்தக் கையால் ஒரு தடவை தலையைச் சொறிந்து பாருங்கள். உள்ளே ஏதாவது இருக்கும்.