தேவாங்கும் அணையாத மெமரி விளக்கும்

ஒரு காட்டில், புளியமரப் பொந்து ஒன்றில், மாசிலன் என்ற தேவாங்கு மனைவி அஞ்சுகத்தோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தது. தேவாங்குகள் பகலில் உறங்குகிறவை. பொந்து இருட்டாக இருந்தால்தான் அவற்றுக்குக் கண் மூடும்.

மாசிலன் புதுக் கணினி வாங்கி வந்ததிலிருந்து தூக்கத்துக்கு வழியில்லாமல் போயிற்று. மெமரியில் விளக்கு, விசிறியில் விளக்கு, மதர்போர்டில்கூட விளக்கு. ஊதா, பச்சை, சிவப்பு என்று மாறி மாறி ஓடின. குழந்தை வீறிட்டது.

“அந்த வயரைப் பிடுங்கிப் போடுங்களேன்,” என்றது அஞ்சுகம்.

“மெமரி விளக்குக்கு வயரே கிடையாது.”

“அப்போ கணினியையே அணைச்சிடுங்க.”

“காட்டு மழை அளவெல்லாம் அதிலதான் பதிவாகுது. அணைக்க முடியாது. ஆனா இதை ஓட்டுறது லினக்ஸ்ல ஒரு தனி வகை, அஞ்சுகம். கணினி எப்படி இருக்கணும்னு ஒரே கோப்பில எழுதிட்டா, அது எப்போ கிளம்பினாலும் அப்படியே ஆகிடும். ‘விளக்கு: இல்லை’ன்னு எழுதப்போறேன்.”

“எழுதுங்க. இருட்டானதும் வந்து கூப்பிடுங்க,” என்று குழந்தையை வயிற்றில் தொற்றவைத்துக்கொண்டு அஞ்சுகம் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.

மாசிலன் எழுதியது. விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன. சந்தோஷத்தில் ஒரு குதி குதித்துவிட்டு, சோதித்துப் பார்க்கக் கணினியை மறுபடி கிளப்பியது. எல்லா வண்ணமும் திரும்ப வந்துவிட்டது!

தலையைப் பிய்த்துக்கொண்டு தேடியதில் விஷயம் புரிந்தது. விளக்குகள் விழிக்கும் முன்பே ‘அணை’ என்ற உத்தரவு போய்விடுகிறது. கேட்க அங்கே ஆளில்லை. ‘விளக்குகள் விழித்த பிறகு அணை’ என்று கோப்பில் ஒரு வரி சேர்த்தது. இம்முறை விளக்குகள் ஒரு சிமிட்டு சிமிட்டி அடங்கின. திரும்பத் திரும்பக் கிளப்பியும் கும்மிருட்டுதான்.

மாமியார் பொந்துக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தது. மைத்துனனின் விளையாட்டுக் கணினி தேர் மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. அதனடியில் குழந்தை அசந்து தூங்கியது.

“சத்தம் போடாதீங்க,” என்றது அஞ்சுகம். “இங்க பார்த்துப் பார்த்துப் பழகிட்டான். இப்போ கலர் ஓடினாத்தான் இவன் தூங்குறான். அணைச்சா அழறான். நம்ம வீட்ல ஓடுதுல்ல?”

“ஓடும். நீ மெதுவா வா. நான் முன்னாடி போறேன்.”

போய், ‘இல்லை’யை அழித்து ‘வானவில்’ என்று எழுதியது. குழந்தை உறங்கியது, அந்த நிம்மதியில் அஞ்சுகமும் உறங்கியது. மாசிலன் கண்ணுக்குக் குறுக்கே ஒரு தேக்கிலையைக் கட்டிக்கொண்டு படுத்தது.

நீதி: ஒரு தொல்லையை முறைப்படி எழுதி ஒழித்தவரால்தான், வீட்டார் கேட்கும்போது அதை ஒரே சொல்லில் திரும்பக் கொண்டுவர முடியும்.