எண்ணூற்று அறுபத்து மூன்று தப்பும் குமுதவல்லி அக்காவின் கல்யாணமும்

ரந்தாவ்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய முகுந்தன் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் புனிதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே ராசாவில் நீங்களும் அத்தையும், கல்யாணப் பெண் குமுதவல்லி அக்காவும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

எங்கள் ஆபீஸில் எழுதிய கம்ப்யூட்டர் நிரலின் தப்புகள் திரையில் வந்து விழுந்தபோது நான் முதலில் கவனித்தது, யோகேந்திரன் அண்ணன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்ததைத்தான். எண்ணூற்று அறுபத்து மூன்று தப்பு, எல்லாம் சிவப்பில். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டு, வீடியோ பார்த்து பி.எச்.பி. என்ற நிரல் மொழியைக் கற்ற எனக்கு, உங்கள் பேச்சை நம்பி வேலை கொடுத்தவர் அவர் என்பதால் அவரைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். போன வாரம் சிரம்பானிலிருந்து ஒரு புது வாடிக்கையாளர், எங்கள் நிரல் தரமானது என்று ஒரு ரிப்போர்ட் காட்டினால்தான் வேலை கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்கென்று ஒரு டூல் இருக்கிறது மாமா. நிரலை ஓட்டிப் பார்க்காது, வாத்தியார் நோட்டுத் திருத்துவது போல வரி வரியாகப் படித்தே தப்பைச் சொல்லும். அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை படிகள் உண்டு, ஏற ஏறக் கண்டிப்பு கூடும், புதியவர்கள் பூஜ்யத்தில் தொடங்கலாம் என்று எழுதியிருந்தது, அதைப் படித்துக் காட்டினேன். "நாம என்ன கின்டர்கார்டனா? பத்துல போடு லா," என்றார் அண்ணன். போட்டேன். வெளிச்சத்தைக் குறைத்தார்.

அப்புறம் ஒன்பது போடச் சொன்னார், எட்டு போடச் சொன்னார், ஒவ்வொரு படி இறங்கும்போதும் "பாத்தியா, கொறையுது, நம்ம கோடிங் முன்னேறுது" என்று சொல்லிக்கொண்டே பூஜ்யம் வரைக்கும் இறங்கினார், அங்கேயும் நாற்பத்தொரு தப்பு உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது பேஸ்லைன். இருக்கிற தப்பையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் டூல் அவற்றைப் பற்றி வாய் திறக்காது, இனிமேல் செய்யும் தப்பை மட்டும் சொல்லும். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவதற்காக வைத்த வசதி அது. அண்ணன் மறுபடியும் பத்தாம் படிக்கு ஏறி, எண்ணூற்று அறுபத்து மூன்றையும் அந்தக் கோப்பில் தள்ளி, ஓட்டச் சொன்னார். 'தப்பு ஒன்றும் இல்லை' என்று பச்சையில் வந்தது. பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "எஸ்டேட்ல பெரிய மேனேஜர் வர்ற அன்னிக்கு வேலை வாங்குற மண்டோர் ரோட்டோர ரப்பர் நிரையில மட்டும்தான் புல்லு வெட்டச் சொல்வாரு. உள்ள பாம்பு படுத்துக் கெடக்கும். அதேதான் இதுவும்," என்றார்.

பாம்பு இருந்தது மாமா. அண்ணன் தப்புகளை எண்ணத்தான் சொல்லியிருந்தார், எனக்கு வெறுமனே எண்ணத் தெரியாமல் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டேன். நீங்கள் கல்யாணத்துக்கு எடுத்திருக்கிற டேவான் மண்டபத்தின் பதிவு முறையும் நாங்கள் எழுதியதுதான். அதில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில், சொற்களாக இருக்கிற தேதியையும் வேறு வகையில் வைத்திருக்கிற தேதியையும் ஒப்பிட்டிருக்கிறது, இவை இரண்டும் ஒருநாளும் பொருந்தாது என்று டூல் சொல்லியிருந்தது. அதாவது யார் எந்த நாளைக் கேட்டாலும் 'காலியாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். உடனே பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஆவணி இரண்டாம் ஞாயிறு, காலை, இரண்டு பெயர். போன மாதம் ஒரு திங்களன்று பதிந்தவர் எங்கள் ஆபீஸுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற குலாம் முகம்மது பாய், மகள் நுஸ்ரத்தின் நிக்காஹ், அறுநூறு பேருக்கு பிரியாணி. அதே வாரம் வெள்ளியன்று பதிந்தவர் நீங்கள், அறுநூறு பேருக்குச் சைவ விருந்து.

அண்ணனிடம் காட்டினேன். "ரிப்போர்ட்ல தப்பு இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எங்கதான் இருக்கு தப்பு?" என்றார். ரெண்டு கல்யாணம் அண்ணே, ஒரே சமையல் கட்டு என்றேன். "கூட்டம் நல்லா இருக்கும் லா. சரி, உங்க மாமாதானே, நீயே பேசி மாத்திக்கோ. புது கிளையன்ட் காதுக்கு மட்டும் போகக்கூடாது," என்று சொல்லிவிட்டு, லேமினேட் செய்ததைத் துணியால் துடைத்தார்.

அதனால்தான் மாமா இந்தக் கடிதம். வியாழக்கிழமை உங்கள் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீங்கள் தேதியை மாற்றுவீர்களா, பாயிடம் பேசுவீர்களா, அது உங்கள் விருப்பம். பெரியவர்கள் முடிவெடுக்கும் வரை நான் எதையும் தொடமாட்டேன். ஆனால் யோகேந்திரன் அண்ணனுக்கு மட்டும் ஒரு போன் போட்டு நன்றாகத் திட்டுங்கள். வேலை போனாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பரவாயில்லை என்று இல்லை. எனக்கு இந்த வேலை வேண்டும், பள்ளியைப் போல இங்கே யாரும் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதில்லை. அதனால் என் பெயரைச் சொல்லாமல் திட்டுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் எல்லா நலமும் கூடிவர வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்,
புனிதா

பி.கு.: உறை தேடுகிற நேரத்தில், எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பட்டனை அழுத்திப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதியது. அண்ணனைத் திட்ட வேண்டாம். வரியைத் திருத்திவிட்டேன். பாய்தான் முதலில் பதிந்தவர் என்பதால் அந்த ஞாயிற்றிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். காலண்டரில் அடுத்த ஞாயிறும் முகூர்த்தம் என்று போட்டிருந்தது. குமுதவல்லி அக்காவை அதில் பதிந்துவிட்டேன்.