மாமா மாட்டிய மவுண்டிங்

"வாங்க, வாங்க. உள்ள வாங்க" என்று வாய் நிறையச் சொன்ன பிறகுதான், வாசலில் நிற்பவர் யார் என்றே தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது.

வெள்ளைச் சட்டை. படிய வாரிய நரைமுடி. கேட்டின் மேல் உரிமையோடு வைத்த கை. அந்தக் கையை வைத்தே கணவரின் பக்கத்துச் சொந்தம் என்று முடிவு செய்தாள். அந்தப் பக்கத்து மனிதர்கள் யார் வீட்டுக் கேட்டிலும் இப்படித்தான் கை வைப்பார்கள்.

"இல்லம்மா, இந்த வண்டி..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அவர் வண்டிக்கு அடியிலதான் இருக்கார். வாங்க."

கல்யாணமான புதிதில் கணவரின் பெரியப்பாவை வாசலிலேயே நிறுத்தி, "நீங்க யாரு, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டவள் அவள். பெரியப்பா அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அதன்பிறகு எத்தனையோ பேருக்குப் பரிமாறிவிட்டாள், எத்தனையோ பேரின் நோய்நொடிக்கு ஓடிவிட்டாள். ஆனாலும் அந்தக் குடும்பத்தில் அவளுக்கு இன்றைக்கும் ஒரே அடையாளம், "என்ன வேணும்னு கேட்டாளே, அவதான்." அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். தன் பிழைக்கு அப்படி ஒரு மை கிடைக்கவில்லை.

அதனால் பெயர் தெரியாத விருந்தாளிகளுக்கென்று ஒரு தந்திரம் வைத்திருந்தாள். காரின் பக்கம் திரும்பி, குரலில் முடிந்தவரை சந்தோஷத்தை ஏற்றினாள்.

"ஏங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க."

சந்தில் நிறுத்தியிருந்த காரின் அடியிலிருந்து முதலில் இரண்டு கால்கள் அசைந்தன. பிறகு வயிறு வந்தது. கடைசியாகக் கறை படிந்த முகம் வந்தது. ஒரு கணம் வந்தவரையே பார்த்த அந்த முகம் அகலமாக மலர்ந்தது.

"அடடே, மாமா. வாங்க, வாங்க. கை எல்லாம் கறை, தப்பா நினைச்சுக்காதீங்க."

மாமா. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அம்மா வழியில் ஒன்றுவிட்ட மாமாக்கள் கணவருக்கு ஏகப்பட்ட பேர். எந்த மாமா என்பதை ராத்திரி சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம். இப்போதைக்கு இந்த மனிதர் வயிறும் மனசும் நிறைந்து வீட்டுக்குப் போக வேண்டும். போய் நாலு பேரிடம் சொல்ல வேண்டும்.

"காபி சாப்பிடுறீங்களா மாமா?"

அவர் காரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். "தம்பி, இது எப்ப ஆகும்?"

"இப்ப ஆயிடும் மாமா. எஞ்சின் மவுண்டிங் போயிடுச்சு. எஞ்சினைத் தாங்குற ரப்பர் நைஞ்சு போயிருக்கு. நின்ன இடத்துல குளிர் ஜுரம் வந்த மாதிரி வண்டி நடுங்குது. பழசைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டணும், அவ்வளவுதான்."

"அதுவரைக்கும் நகராதா?"

"எஞ்சின் ஜாக்கி மேல உக்காந்திருக்கு மாமா. எங்க நகர்றது?"

மாமா பெருமூச்சு விட்டார். "அப்ப காபி கொண்டாம்மா" என்றார்.

காபியோடு அவள் திரும்பி வந்தபோது மாமா சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். கணவர் துருப்பிடித்த போல்ட் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவர் அவர். அந்தக் கைகளுக்கு மெல்லிய வேலை பழக்கம். போல்ட்டோ அசைவதாக இல்லை.

"இப்படிப் பண்ணினா பொழுது சாஞ்சிடும் தம்பி. அந்தப் பக்கம் இருக்கிற மவுண்டிங்கையும் லூஸ் பண்ணு. எஞ்சின் கொஞ்சம் ஆடினா இது தானா கழண்டு வரும்."

ஸ்பேனரோடு நிமிர்ந்த கணவர் அவளைப் பார்த்தார். கணவர் காலையில் பார்த்த ஃபோன் வீடியோவில் பேசியவன் இன்னொரு மவுண்டிங்கைத் தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னதை அவளும்தான் கேட்டிருந்தாள். ஆனாலும் சொந்த மாமா பேச்சை மறுக்கக் கணவர் தயங்குகிறார் என்று புரிந்தபோது, குறுக்கே நிற்கும் மருமகளாக இருக்க அவளுக்கு மனமில்லை.

"மாமா சொல்றாரு இல்ல, செய்யுங்க" என்றாள்.

கணவர் செய்தார். போல்ட் கழன்றது. கூடவே எஞ்சினும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூங்கி வழிகிறவர் தலை பக்கத்து ஆளின் தோளில் விழுவதுபோல, பேட்டரிப் பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டது.

மூவரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

"சாயத்தான் செய்யும்" என்றார் மாமா. "முட்டுக் கொடுக்கணும். கெட்டியா, தடியா ஏதாவது இருக்கா?"

காய் நறுக்கும் பலகை வந்தது, போதவில்லை. மேலே முக்காலி வைத்தார்கள், இடித்தது. இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் உயரத்துக்கு ஏதாவது வேண்டும் என்றார் மாமா. அவள் உள்ளே போய் அகராதியை எடுத்து வந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடவே இருக்கும் அகராதி. யாராவது அதன் மேல் தம்ளர் வைத்தாலே அவள் சாப்பிடாமல் எழுந்துவிடுவாள்.

கணவர் அகராதியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதையா?"

"மாமாவை விடவா?"

கணவர் கறைக் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் அகராதியை வாங்கி, பாலித்தீன் பையில் சுற்றி, எஞ்சினின் அடிவயிற்றுக்குக் கீழே வைத்தார். தன் மாமாவுக்கு அவள் காட்டும் மரியாதை அவரை உருக்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். உருகட்டும். இத்தனை வருஷத்தில் அவர் உருகி அவள் பார்த்தது குறைவு.

"இப்ப ஜாக்கியை ஏத்து. இன்னும் ஏத்து. பயப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா, எஞ்சினின் மேல் குனிந்தபடி.

கணவர் ஏற்றினார். எஞ்சின் எழுந்தது. எஞ்சினோடு எழ முடியாத ரேடியேட்டர் குழாய் ஒன்று தன் இடத்தைவிட்டுக் கழன்று, உள்ளே இருந்த பச்சைத் தண்ணீரை மாமாவின் வெள்ளைச் சட்டை மேல் பாய்ச்சியது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. பெரியப்பா தண்ணீர் குடிக்காமல் போன வீட்டில் மாமா தண்ணீரில் குளித்துவிட்டுப் போனார் என்று சொல்வார்களே. ஆனால் மாமா கோபப்படவில்லை. சட்டையை நுனிவிரலால் தூக்கிப் பார்த்து, "குழாயை முதல்லயே கழட்டியிருக்கணும். நான் சொல்ல நினைச்சேன்" என்றார்.

கணவர் உள்ளே ஓடி, பீரோவிலிருந்து ஒரு சட்டையைக் கொண்டுவந்தார். அவருடைய பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தந்த சட்டை, மடிப்புக்கூடக் கலையாதது. விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தார். அதை மாமாவின் கையில் கொடுத்து, "உங்களுக்குத்தான் மாமா, வெச்சுக்கோங்க" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் உடனே சமாதானமும் வந்தது. அவ்வளவு நெருங்கிய மாமா. நல்லவேளை, கேட்டில் வைத்துக் கேள்வி கேட்காமல் விட்டோம்.

புதுச் சட்டை மாமாவுக்குப் புது வேகத்தைக் கொடுத்தது. அவள் டார்ச் பிடித்தாள், கணவர் ஜாக்கியைப் பிடித்தார், மாமா தன் கையாலேயே புது மவுண்டிங்கை உள்ளே இறக்கினார். துளைகள் ஒரு விரற்கடை தள்ளி நின்றன.

"கொஞ்சம் ஏத்து. இறக்கு. எஞ்சினை உன் பக்கம் இழும்மா. தம்பி, நீ அந்தப் பக்கம் தள்ளு."

இழுத்தார்கள், தள்ளினார்கள். துளைகள் ஒன்றையொன்று பார்க்க மறுத்தன.

டார்ச் வெளிச்சத்தில் அவள் கண்ணுக்கு அது பட்டது. மவுண்டிங் திரும்பியிருந்தது. பழையதில் போல்ட் மாட்டும் நீளமான காது எஞ்சின் பக்கம் இருந்தது, இதில் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எழுத்து தலைகீழாக அச்சானதைப் பார்த்தால் வருமே, அதே அரிப்பு அவள் விரல் நுனியில் வந்தது. வாயைத் திறந்தாள். மாமாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. எவ்வளவு ஆசையாகச் செய்கிறார். மூடிக்கொண்டாள். கணவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் எதையோ மென்று விழுங்குவது தெரிந்தது.

"புது ரப்பர், அதான் முறுக்குது" என்றார் மாமா. "ஒரு மணி நேரம் விட்டா படிஞ்சிடும்."

"அப்ப சாப்பிட்டுடலாம் மாமா" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சாப்பாட்டில் அவள் ஒரு குறை வைக்கவில்லை. மாமா இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார், மூன்றாம் முறை வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார், தட்டை விலக்கவில்லை. கணவர் தன் தட்டிலிருந்த அப்பளத்தைக்கூட அவருக்கு மாற்றினார்.

"ஒண்ணு சொல்லவாம்மா?" என்றார் மாமா, கடைசி வாய்க்கு முன்னால். "என் வீட்டுல நான் லைட்டைப் போடுன்னு சொன்னா ஃபேனைப் போடுவாங்க. காலையிலேர்ந்து இங்க நான் சொன்னதை எல்லாம் கேட்டீங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. இப்படி ஒரு பொண்ணு, இப்படி ஒரு பையன், எங்க கிடைப்பாங்க?"

அவளுக்குக் கண் கலங்கியது. அச்சகத்தில் யாரும் அவளைப் பாராட்டுவதில்லை. பிழை இல்லாத பக்கத்தை யார் கவனிக்கிறார்கள்? இந்த வீட்டிலும் அப்படித்தான் ஓடிவிட்டது. இந்த வாய் அங்கே போய் இதைச் சொல்லும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. ஒரு மனிதர் அவள் வீட்டில் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவக்கூட மறந்து சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார். அது போதுமானதாக இருந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்றிருந்தது.

மாமா கூடத்துச் சோபாவில் சற்றுச் சாய்கிறேன் என்றார். புது உறை போட்ட தலையணை கொடுத்தாள். சாய்ந்தவர் உடனே குறட்டை விட்டார்.

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் அவள் காரிடம் போனாள். மாமா எழுவதற்குள் மவுண்டிங்கைத் திருப்பிவிட வேண்டும். தானே படிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

பானெட்டுக்குள் ஏற்கெனவே ஒரு தலை இருந்தது.

"நீங்களா?" என்றாள்.

கணவர் துள்ளி எழுந்ததில் பானெட் தலையில் இடித்தது. "ஷ், மெதுவா. மாமா எழுந்துடப் போறாரு."

"திருப்பி மாட்டியிருக்கு."

"தெரியும். அப்பவே பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவள் ஜாக்கியைப் பிடித்தாள், அவர் மவுண்டிங்கைத் திருப்பினார். துளைகள் ஒன்றோடொன்று சத்தமில்லாமல் பொருந்தின. அவர் போல்ட்டுகளை முறுக்கினார், இன்னொரு பக்கத்தையும் முறுக்கினார். குழாயை மாட்டித் தண்ணீர் ஊற்றினாள். ஜாக்கியை இறக்கி அகராதியை உருவி, சேலைத் தலைப்பால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டாள். கணவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது, பிறகு அடங்கி, தாலாட்டுப்போல ஒரே சீராக முனகிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் நடுங்கவில்லை. கண்ணாடி நடுங்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து ஒரு காரியத்தை இவ்வளவு ரகசியமாகச் செய்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

"நல்ல மனுஷன்" என்றார் கணவர், காரிலிருந்து இறங்கியபடி. "காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா மனசு தங்கம். எதிர்த்துப் பேசினா நீ வருத்தப்படுவேன்னுதான் பேசாம இருந்தேன்."

"நான் எதுக்கு வருத்தப்படணும்? உங்களுக்காகத்தான் நான் வாயைத் திறக்கல."

"எனக்காகவா?"

"உங்க மாமாவை நான் குறை சொல்லலாமா?"

கணவர் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "என் மாமாவா? உன் மாமா இல்ல?"

"நீங்கதானே மாமான்னு கூப்பிட்டீங்க?"

"நீதானே அவ்வளவு சந்தோஷமா யாரு வந்திருக்காங்க பாருங்கன்ன? உன் பக்கத்து ஆளுங்களை நான் மதிக்கிறதில்லன்னு எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்க. அதான் மாமான்னுட்டேன்."

கூடத்திலிருந்து குறட்டை நிதானமாக வந்துகொண்டிருந்தது. எஞ்சினைவிட அது கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

சந்தின் கோடியில் புதிதாக ஆள் குடிவந்த வீட்டிலிருந்து ஒரு அம்மாள் வேக வேகமாக வந்தார். ஓடும் எஞ்சினைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"அப்பாடா, கிளம்பிடுச்சா? ஏம்மா, எங்க வண்டி உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது, இதைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிட்டு வரேன்னு காலையில எங்க வீட்டுக்காரர் வந்தாரே, எங்க போனாருன்னு தெரியுமா, அவர் வந்ததும் சாப்பிடலாம்னு அங்க எல்லாரும் பட்டினியா உக்காந்திருக்கோம்."