பிரியாணிக்குக் கிடைக்காத வரிச்சலுகை

சட்டப் புத்தகத்தைப் படித்துப் புல்லரித்துப்போகிறவர்கள் ஊருக்கு ஒருவர் தேறுவதே கஷ்டம். இருபத்து மூன்று வயதில் அந்த ஒருத்தி நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தருமபுரியில் ஓர் ஆடிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வருமான வரிச் சட்டத்தை நானே உட்கார்ந்து எழுதிய மாதிரி ஒரு நடை வந்துவிட்டது.

அந்த நடையோடு கம்பைநல்லூர் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு அங்கே புழுங்கல் அரிசி ஆலை. உமியை எரித்து, பாய்லரில் ஆவி உண்டாக்கி, நெல்லை அவிப்பார். ஆலை ஓடத் தனியாகக் கரண்டு பில் கட்டுவார். எனக்குப் பொறுக்கவில்லை. அதே ஆவி முதலில் ஒரு டர்பைனைச் சுற்றினால் கரண்டு வரும். சுற்றிவிட்டு வெளியே வரும் ஆவியில் நெல்லும் வேகும். ஒரே அடுப்பில் இரண்டு வேலை. இந்த மாதிரி இயந்திரத்துக்கு மற்றவற்றைவிடத் தாராளமாக, தேய்மானம் என்று அதன் விலையில் ஒரு பங்கை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, வரி நன்றாகக் குறையும் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். (மைக் இல்லாததுதான் குறை.)

"நெசமாலுமாங்கண்ணு? கவர்மெண்ட்டு அப்படியெல்லாம் வுட்டுக் குடுக்குமா?" என்றார் மாமா.

"செக்‌ஷன் நம்பர் சொல்லட்டுங்களா மாமா?"

நம்பர் கேட்டதும் மாமா மயங்கிவிட்டார். அத்தை சமையலறை கட்டச் சேர்த்து வைத்திருந்த பணம் டர்பைனாக மாறியது. வரியில் மிச்சமாகும் பணத்தில் தரையிலிருந்து கூரை வரை டைல்ஸ் ஒட்டிய சமையலறை என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்தது மாமா இல்லை, நான்.

ஒரே ஒரு நிபந்தனை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் இயந்திரம் ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருடச் சலுகை போச்சு. இயந்திரம் வந்து பொருத்தி முடித்தபோது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பாதி தாண்டியிருந்தது. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்காமல் எதையும் ஓட்டக் கூடாது என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். மந்திரித்தால் விருந்து வைக்க வேண்டும். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறியும் கிடையாது, விருந்தும் கிடையாது. அந்த வருடம் ஈஸ்டர் (அத்தைக்குப் பாஸ்கா) வந்ததே மார்ச் முப்பத்தொன்றாம் தேதிதான்.

"பாஸ்காவன்னிக்கே மந்திரிச்சிரலாம், அன்னிக்கே ஓட்டிரலாம், அன்னிக்கே பிரியாணி" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சட்டமும் திருச்சபையும் ஒரே தேதியில் கைகுலுக்குகின்றன என்று டைரியில் எழுதினேன்.

பூசை முடிந்து ஃபாதர் வந்தார். இயந்திரம் ஓடுவதைப் பார்த்துச் சான்றிதழ் தர சேலத்திலிருந்து ஒரு பொறியாளரும் வந்தார். தீர்த்தம் தெளித்தாயிற்று. பாய்லர்க்காரர் முனுசாமி அண்ணன் வால்வைத் திருப்பினார். டர்பைன் உறுமியது. ஆலையில் இருந்த அத்தனை விளக்கும் எரிந்தன. நான் குதித்தேன். பட்டுப் புடவையோடு, நிஜமாகவே குதித்தேன்.

பொறியாளர் கரண்டு மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, "சரிங்க. ஆவி எங்க போவுதுங்க?" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆவி கூரைக்கு மேலே குழாய் வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கரண்டு, சூடு ரெண்டும் பயன்பட்டாத்தானுங்க நான் கையெழுத்துப் போட முடியும். நெல்லு எங்கீங்க?"

நெல் மூட்டையில் இருந்தது. அவிப்பதற்கு முன் ஊற வேண்டும், அதற்கு ஒரு முழு நாள் ஆகும். கரண்டு கரண்டு என்று மூன்று மாதம் கத்திய நான் சூட்டைச் சுத்தமாக மறந்திருந்தேன். டைல்ஸ் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் கழன்று விழுந்தன.

அப்போதுதான் முற்றத்தில் தம் போடத் தயாராக இருந்த பிரியாணி அண்டா கண்ணில் பட்டது.

"அரிசி ஆலைதானே? அரிசியைத்தானே வேக வைக்கிறோம்?" என்று ஆவிக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"பாப்பா, அழுத்தம் சாஸ்திங்க" என்றார் முனுசாமி அண்ணன்.

"சட்டம் எனக்குத் தெரியும்ணா. திறங்க." (அழுத்தத்துக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.)

நல்ல வேளை, குழாயை அண்டாவில் செருகிக் கட்டிவிட்டு எல்லோரையும் தூரப் போகச் சொன்னார் அவர். பிறகு திறந்தார். பத்துப் படி பிரியாணி ஒரே மூச்சில் மேலே கிளம்பியது. வேப்பமரத்தில் நெஞ்செலும்பு தொங்கியது. ஃபாதரின் வெள்ளை அங்கியில் புதினா ஒட்டியது. நாற்பது நாள் கறியைத் தொடாத முப்பது பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ஃபாதர்தான் முதலில் பேசினார். "நாப்பது நாளு இருந்தாச்சு. இன்னொரு வேள இருக்க மாட்டமா?"

மாமா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "எதுக்குங்கண்ணு இதெல்லாம்? பச்சத் தண்ணியில ஊறப் போட்டாத்தான் ஒரு நாளு. ஆவிய வுட்டுத் தண்ணிய சுட வச்சா நாலு மணி நேரத்துல ஊறிக்குமே. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

மூன்று மாதமாக அவரை வாயைத் திறக்க விட்டால்தானே.

நெல் ஊறியது. பொழுது சாய்வதற்குள் வெந்தது. வெறும் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் பொறியாளர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் சான்றிதழை ஆட்டிக்கொண்டு ஆடிட்டர் அறைக்குள் ஓடினேன். அவர் தேதியைப் பார்த்தார்.

"ஒரு நாள்தான் ஓடியிருக்கா? அந்த வருஷத்துல நூத்தியெண்பது நாளுக்குக் கீழ ஓடினா பாதித் தேய்மானம்தாம்மா. நீ அடுத்த பக்கத்தைத் திருப்பலையா?"

திருப்பவில்லை. புல்லரிப்பதிலேயே நேரம் போய்விட்டது.

பாதிச் சலுகையில் கட்டிய சமையலறையில் டைல்ஸ் பாதிச் சுவர் வரைக்கும்தான் ஏறியது. மீதிச் சலுகை அடுத்தடுத்த வருடங்களில் வந்தது, ஆனால் மேலே ஒட்ட அத்தை இன்றுவரை சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும். அவ வர்றப்ப பாக்கட்டும்" என்கிறார்.

இன்று எனக்குச் சொந்தமாக அலுவலகம் இருக்கிறது, வாசலில் என் பெயர்ப் பலகையும் இருக்கிறது. ஆனாலும் ஈஸ்டர் பந்தியில் எல்லோருக்கும் இலை நிறையப் பிரியாணி வைக்கும் அத்தை, எனக்கு மட்டும் அரைக் கரண்டி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இன்னும் கொஞ்சம் என்று கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"நீ வந்து நூத்தியெம்பது நாளு ஆவுலியே கண்ணு. மிச்சத்த அடுத்த வருசம் கழிச்சுக்க."