காலப்பிரமாணம் தப்பாத லாரி

"லாரி எஞ்சினைப் பத்தி எனக்கு என்ன தெரியும் ஜானு? நம்மாத்து மிக்ஸி மக்கர் பண்ணினாலே நீதானே பார்க்கறே!"

மிருதங்க வித்வான் ஸ்ரீரங்கன் சட்டைப் பொத்தானை மாட்டியபடியே புலம்பினார். வாசலில் கார் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. காரில் இருந்தவர் வெள்ளைச்சாமி. தி. நகரில் ஜவுளிக்கடை, மயிலாப்பூரில் வரிசையாக வீடுகள். அவற்றில் ஒன்றில்தான் ஸ்ரீரங்கன் குடியிருந்தார்.

"தெரியாதுன்னு சொல்லித் தொலைக்கறதுதானே?" என்றாள் ஜானு.

"சொன்னேனே! பெரிய வித்வான்கள்லாம் இப்படித்தான் தன்னடக்கமாப் பேசுவாங்கன்னுட்டார்."

வெள்ளைச்சாமிக்குச் சொந்தமாக ஒரு டிரெய்லர் லாரி வாங்க ஆசை வந்துவிட்டது. புதுசு வாங்க மனசு வரவில்லை. பழைய டீசல் எஞ்சினின் லட்சணத்தைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று யூடியூபில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவருடைய காதுகளோ, கடை வாசல் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து ஆடித் தள்ளுபடியைக் கேட்டுக் கேட்டே பாதி செத்துப்போனவை. மெக்கானிக்கை அழைத்துப் போனால் விற்கிறவனிடம் கமிஷன் வாங்கிவிடுவான் என்ற பயம் வேறு. ஆகவே நல்ல காதாக வேண்டும், அது தனக்கு அடங்கின காதாகவும் இருக்க வேண்டும். குடித்தனக்காரரை விட்டால் வேறு யார் கிடைப்பார்கள்?

காரில் போகும்போது வெள்ளைச்சாமி விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உங்க வீட்டை இடிச்சுட்டு கோடவுன் கட்டலாம்னு இருந்தேன் வாத்தியாரே. சொந்த வண்டி வந்துட்டா சரக்கு நேரா கடைக்கே வந்துரும், கோடவுனு எதுக்கு? நல்ல வண்டியாப் பாத்துக் குடுத்தீகன்னா ஆயுசுக்கும் அங்கேயே இருங்க. கோளாறு வண்டியாப் போச்சுன்னா..."

ஸ்ரீரங்கன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கோயில் மணி கேட்கும் தூரத்தில் அந்த வாடகைக்கு இன்னொரு வீடு இந்த ஜன்மத்தில் கிடைக்காது. 'எதுக்கும் பிடிகொடுக்காம தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துடுங்கோ' என்று ஜானு சொல்லி அனுப்பியதையே பிடித்துக்கொண்டார்.

பெருங்குடியில் ஒரு பெண்கள் விடுதியின் மதிலை ஒட்டி இருந்தது, பழைய வண்டிகள் விற்கும் அந்த யார்டு. காலையிலிருந்தே அந்தப் பக்கம் கரன்ட் இல்லை. வாசலில் டீக்கடை முனியம்மாள் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். புது பெயின்ட் அடித்த டிரெய்லர், மதிலோரமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. தடதடவென்று சத்தம் காதை நிறைத்தது.

"வாங்க அண்ணாச்சி! வா மாமா!" கூலிங் கிளாஸோடு ஓடி வந்தான் வண்டி வியாபாரி ராகேஷ். "காலையிலேர்ந்து ஓடிக்கினே கீது. ஒரு இருமல் உண்டா, தும்மல் உண்டா, நீங்களே கேளுங்க!"

ஸ்ரீரங்கன் கண்ணை மூடிக்கொண்டார். கேட்பது என்று வந்துவிட்டால் அவருக்குக் கண் திறந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் வலது கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. என்ன நிதானம், என்ன அழுத்தம்! உதட்டைப் பிதுக்கி, "ப்ச்... ப்ச்ச்ச்" என்று சூள்கொட்டி, தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

மயிலாப்பூர் சபாவில் அதற்கு 'ஆஹா, பிரமாதம்' என்று அர்த்தம். பெருங்குடியில் அப்படி இல்லை. ராகேஷின் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா மாமா, எதுனா... தெரிஞ்சுக்கினியா?"

"ப்ச்ச்..."

"சரி அண்ணாச்சி, ஒரு லட்சம் கொறைச்சுக்கலாம்."

கேட்காமலே விலை இறங்கியதும் வெள்ளைச்சாமிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யூடியூப் பாடத்தை வரிசையாக எடுத்துவிட்டார். சைலன்சர் வாயில் கைக்குட்டையைப் பிடித்தார். கரி படவே இல்லை. கடையில் மடித்து வைத்த மாதிரியே வெள்ளையாக வந்தது. முனியம்மாளின் டீ டம்ளரை வாங்கி பம்பர் மேல் வைத்தார். டீ கொஞ்சமும் அசையவில்லை. ரேடியேட்டர் பக்கம் தொட்டுப் பார்த்தார். குளுகுளுவென்று இருந்தது.

"காலையிலேர்ந்து ஓடுது, சூடே இல்லையேப்பா!"

"அதான் அண்ணாச்சி குவாலிட்டி! கேபினைத் தூக்கி எஞ்சினைக் காட்டட்டா? கிரீஸு மட்டும் கொஞ்சம் தெறிக்கும்."

வெள்ளைச்சாமி தன் சலவைச் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "வேணாம்ப்பா, வேணாம்" என்று நாலடி பின்வாங்கினார். "ஆக்சிலேட்டரை மட்டும் மிதி. வாத்தியார் கேக்கட்டும்."

ராகேஷ் தயங்கித் தயங்கி வண்டியில் ஏறினான். மிதித்தான். சத்தம் மாறவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தான். அப்போதும் அதே சத்தம்தான்.

இங்கேதான் ஸ்ரீரங்கன் ஜானுவின் புத்திமதியை மறந்தார். அவருடைய சிஷ்யகோடிகள் அத்தனை பேருக்கும் ஒரே வியாதி. பாடகர் கொஞ்சம் உசுப்பினால் போதும், வேகமெடுத்து ஓடிவிடுவார்கள். காலப்பிரமாணம், காலப்பிரமாணம் என்று கத்திக் கத்தியே அவர் தொண்டை கட்டியிருந்தது. இதோ ஒரு லாரி, காலால் மிதித்தாலும் பிடித்த வேகத்தை விடமாட்டேன் என்கிறது! கண்களில் நீர் தளும்பிவிட்டது.

"அண்ணா!" என்றார் தழுதழுத்து. "எவ்வளவு மிதிச்சாலும் ஓடலை பாருங்கோ! ஒரு மாத்திரை பிசகலை! இப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு மனுஷாள்ட்டயே கிடையாது. கண்ணை மூடிண்டு வாங்குங்கோ!"

"நிச்சயமாத்தான் சொல்லுறீகளா?"

"நான் ஜவாப்தாரி! இந்த வண்டியில ஒரு குறை இருந்தா, நாளைக்கே நான் வீட்டைக் காலி பண்ணிடறேன். எழுதித் தரணுமா?"

வண்டியிலிருந்து இறங்கிய ராகேஷ், கூலிங் கிளாஸைக் கழற்றி ஸ்ரீரங்கனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு சட்டென்று காலில் விழுந்து கும்பிட்டான். "மாமா, உன்ன மாதிரி ஆளுங்கதான் மாமா இந்த தொழிலுக்கு வோணும்!"

அட்வான்ஸ் கைமாறியது. பணத்தை வாங்கிய ராகேஷ் பைக்கில் ஏறிப் பறந்துவிட்டான். வெள்ளைச்சாமி ஸ்ரீரங்கனின் தோளில் கை போட்டு, "இனிமே அது உங்க வீடுன்னே வச்சுக்கங்க" என்றார். ஸ்ரீரங்கனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜானுவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தபடி, முனியம்மாளிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டார்.

டீக்கடைக் காற்றாடி மெல்லச் சுழல ஆரம்பித்தது. தடதடப்பு சட்டென்று நின்றது. ஸ்ரீரங்கன் திரும்பி லாரியைப் பார்த்தார். அதில் யாருமே இல்லை.

முனியம்மாள் விசிறிய அட்டையைக் கீழே போட்டாள்.

"அப்பாடா, கரன்ட் வந்துச்சு, ஆஸ்டல்காரன் ஜெனரேட்டரை நிறுத்திட்டான். ஏன் சாமி, இந்த லாரிலேர்ந்து ரிப்பேருக்குன்னு கழட்டிக்கினு போனானுங்களே எஞ்சினு, அத்த எப்ப கொணாந்து மாட்டுவானுங்களாம்?"