இத்தாலிக் காருக்குள் இருபது நிமிடம்

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கப் பார்த்தபோதுதான் தொந்தி ஸ்டியரிங்குக்கு அடியில் வசமாகச் சிக்கியிருப்பது பராமரிப்பாளருக்குப் புரிந்தது. மணி மூன்று நாற்பது. நான்கு மணிக்கு முதலாளி விருந்தாளிகளோடு வருகிறார்.

ஐம்பது வயதான இத்தாலிக் கார் அது. இடுப்பு உயரம்கூட இல்லை. உலகத்தில் இன்னும் ஓடுகிற நிலையில் இருப்பவை ஒன்பதே ஒன்பது. எத்தனையோ புதுக் கார்கள் வந்து போய்விட்டன; ஆனாலும் இதைப் பார்க்கக் கடல் கடந்து ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் பேச்சை மறந்து நிற்கிறார்கள்.

யாரும் உள்ளே உட்காரக் கூடாது என்பது முதலாளியின் ஒரே சட்டம். மீறிய பழைய பராமரிப்பாளருக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. முதலாளியே அதில் உட்கார்ந்து இவர் பார்த்ததில்லை. தனக்குக் காரின் மேல் அப்படியொரு பக்தி என்று முதலாளி போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

காலையில் மனைவி வாயைத் திறந்ததுதான் வினை. "பதினோரு வருஷமா துடைக்கிறீங்களே, ஒரு தடவையாச்சும் உட்கார்ந்து பார்த்தீங்களா?"

பார்த்துவிட்டார்.

முதலில் மூச்சை இழுத்துப் பிடித்து எழுந்தார். தொந்தி வந்தது, முழங்கால் வரவில்லை. இருக்கையைப் பின்னால் தள்ளலாமென்று அடியிலிருந்த கைப்பிடியை இழுத்தார். இருக்கை முன்னால் வந்து அப்படியே இறுகிக்கொண்டது. ஷூவைக் கழற்றினால் கால் வருமென்று ஒரு காலால் மறு காலின் ஷூவைத் தள்ளினார். அது பிரேக்குக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. எட்டி எடுக்கக் குனிந்ததில் நெற்றி ஹாரனில் அழுந்தியது. ஐம்பது வருடமாகியும் தொண்டை கெடாத ஹாரன். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கூடவே வெளிக்கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. ஐம்பத்து நான்கு வயதில் யார் வாசலில் போய் வேலை கேட்டு நிற்பது? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹாரன் சத்தத்துக்கு ஓடிவந்தவர் தோட்டக்காரர். ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"காலை விட்டுத்தள்ளுங்க. முதல்ல தலையை இப்படிக் குடுங்க. மூச்சை இழுக்காதீங்க, விடுங்க."

அக்குளில் கைகொடுத்து ஒரே திருப்பு. பராமரிப்பாளர் தரையில் கிடந்தார். தோட்டக்காரர் கையை மட்டும் உள்ளே விட்டு, பார்க்காமலே எதையோ தட்டி, இருக்கையைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். ஷூவும் வந்துவிட்டது.

விருந்தாளிகளின் பேச்சுக்குரல் நெருங்கியது. பராமரிப்பாளர் ஷூவை மாட்டியும் மாட்டாமலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தோட்டக்காரர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க லீவு எடுக்குற ஞாயித்துக்கிழமையெல்லாம் அவரை இதே மாதிரிதான் உருவி எடுக்கிறேன். உங்ககிட்ட என்னைக்காவது சொன்னேனா?"