இன்னொரு தடவை அழுத்துகிறவர்

மனிதர்களில் அழுத்துகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. லிஃப்ட் பொத்தான் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும்போதே அதை மறுபடி அழுத்துவார்கள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கி, திரும்ப ஏறி வந்து இன்னொரு இழுப்பு இழுப்பார்கள். ஒரு தடவை செய்த காரியத்தில் இவர்களுக்கு நம்பிக்கையே கிடையாது.

இந்த இனத்தின் தலைமகன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தெரு அவருக்கு வைத்த பெயர் ‘இன்னொரு தடவை’.

மகள் மருந்தாளர் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு கல்லூரியின் இணையதளம் மூடிவிடும். காலையில் பக்கம் கொஞ்சம் மெதுவாக வந்தது. விடுவாரா மனிதர்? கணினியில் தட்டினார், மனைவியின் போனைப் பிடுங்கித் தட்டினார், மகளின் போனையும் வாங்கித் தட்டினார், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி தட்டினார். மூன்றரை மணிக்கு எதிலுமே பக்கம் வரவில்லை. அலறிக்கொண்டு கல்லூரிக்குப் போன் போட்டபோது மணி நான்கு.

“எல்லாருக்கும் வருது சார். உங்களுக்கு மட்டும்தான் வரல,” என்றார் உதவி மையத்துப் பெண். எதையோ பார்த்துவிட்டு, “காலையிலேர்ந்து உங்க வீட்டு வைஃபையிலேர்ந்து மட்டும் நாலாயிரம் தடவை வந்திருக்கு சார். இது மனுஷன் இல்ல, ஏதோ திருட்டு மெஷின்னு நெனச்சு எங்க கம்ப்யூட்டர் உங்களை வெளியே நிறுத்திடுச்சு.”

“நான் மனுஷன்தாம்மா!”

“தெரியுது சார். அரை மணி நேரம் எதையும் தொடாதீங்க, தானா திறந்துக்கும். நடுவுல ஒரு தடவை தொட்டாலும் மறுபடி முதல்லேர்ந்து அரை மணி.”

சும்மா இருப்பதுதான் வைத்தியம் என்றால் இந்த இனம் என்ன செய்யும், சொல்லுங்கள்! இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஒருவேளை முன்னாலேயே திறந்திருந்தால்? நாம் பாட்டுக்கு உட்கார்ந்திருந்து பெண்ணின் ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டால்? பாசம் பொங்கி விரலுக்கு வந்துவிட்டது. நான்கு இருபத்தைந்துக்கு, ஒரே ஒரு தட்டு.

“அப்பா!” மகளின் குரல் உடைந்தது. “இனிமே நாலு அம்பத்தஞ்சுக்குத்தான்ப்பா திறக்கும். மிச்சம் அஞ்சே நிமிஷம்!”

“திறந்திருக்கான்னு சும்மா பாத்தேம்மா...”

“பாத்தது போதும், எழுந்திருங்க,” என்று மனைவி அவரை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அழைப்பு மணி கைக்கெட்டும் உயரத்தில் இருந்ததே! நிமிஷத்துக்கு ஒரு தடவை அழுத்தி, “திறந்துடுச்சா?” என்றார். மனைவி மணியின் வயரைப் பிடுங்கினாள். கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

நான்கு ஐம்பத்தைந்துக்குப் பக்கம் வந்தது. மூன்றே நிமிஷத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மகள் கதவைத் திறந்து சிரித்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“எதுக்கும் இன்னொரு தடவை அனுப்பிடலாமா?”

தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் ஒருவருக்குச் செய்தி அனுப்பினீர்கள். பதில் வரவில்லை என்று ஒரு கேள்விக்குறி அனுப்பினீர்கள், அதற்கடியில் இரண்டு, அப்புறம் ‘ஹலோ’, அப்புறம் ‘பிஸியா?’. அவர் மற்றவர்களுக்கெல்லாம் உடனுக்குடன் பதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம்.